கருத்தடை ஊசி போட்டவர்களுக்கு மூளையில் கட்டி வருமா? வழக்கில் நாமும் சேரலாமா?

கேள்வி: எனக்கு வயது 33, இரண்டு பிள்ளைகள். சின்னவன் பிறந்து மூன்றாம் மாதத்திலிருந்து எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘அந்தரா’ கருத்தடை ஊசி போட்டு வருகிறேன். இதுவரை 13 ஊசி ஆகிவிட்டது. ஒரு வருடமாக மாதவிலக்கே வருவதில்லை. போன மாதம் அமெரிக்காவில், நியூஜெர்சியில் இருக்கும் என் நாத்தனார் ஒரு விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ‘டெப்போ ஊசி போட்டவர்களுக்கு மூளைக்கட்டி, இழப்பீடு பெறலாம்’ என்று இருந்தது. அவரும் இதே ஊசியை அங்கே ஆறு வருடம் போட்டவர். “விலக்காகாமல் தங்கிய கெட்ட ரத்தம்தான் தலைக்கு ஏறிக் கட்டியாகிறது” என்கிறார் மாமியார். இரண்டு மாதமாக எனக்கு அடிக்கடி தலைவலியும் இருக்கிறது. பயத்தில் இந்த முறை ஊசிக்குப் போகவில்லை. தேதி தாண்டி இரண்டு வாரம் ஆகிறது. நான் ஸ்கேன் எடுக்க வேண்டுமா? அந்த வழக்கில் நானும் நாத்தனாரும் சேர முடியுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவாரூர் மாவட்டம்

மகப்பேறு மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கட்டி, வழக்கு எல்லாம் இருக்கட்டும். அவசரமான விஷயம் உங்கள் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. தேதி தாண்டி இரண்டு வாரம் என்கிறீர்கள். இந்த ஊசிக்குத் தேதிக்குப் பிறகு நான்கு வாரம் வரை அவகாசம் உண்டு. அதற்குள் போட்டுக்கொண்டால் பாதுகாப்பு விட்டுப்போகாது. ஆக உங்கள் கையில் இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள் ஊசியைத் தொடர்வதா, வேறு முறைக்கு மாறுவதா என்று முடிவு செய்துவிடுங்கள். இரண்டும் இல்லாமல் பயத்தோடு நாளைக் கடத்தினால் அடுத்து என்னிடம் வரும் கடிதம் வேறு மாதிரி இருக்கும். முடிவு செய்யும் வரை ஆணுறை பயன்படுத்துங்கள்.

அடுத்தது தலைவலி. இரண்டு மாதத் தலைவலி என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எப்படிப்பட்ட வலி என்று எழுதவில்லை. சாயங்காலம் ஆனால் நெற்றியைச் சுற்றி இறுக்கிப் பிடிப்பது, தூக்கம் கெட்ட மறுநாள் வருவது, ஒரு பக்கமாகத் துடித்து வெளிச்சமும் சத்தமும் ஆகாமல் போவது, இவையெல்லாம் ஊசி போடாத பெண்களுக்கும் தினமும் வருகிற வலிகள். நான் கவலைப்படுகிற தலைவலி வேறு. காலையில் எழும்போதே வலியும் வாந்தியும். இருமினால், குனிந்தால் அதிகமாவது. வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போவது. பார்வை மங்கல் அல்லது ஒன்று இரண்டாகத் தெரிவது. ஒரு காதில் கேட்பது குறைவது. வாசனை தெரியாமல் போவது. கை கால் ஒரு பக்கம் பலவீனமாவது. வாழ்க்கையில் முதல்முறையாக வலிப்பு வருவது. வலிப்போ கை கால் பலவீனமோ வந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மற்றவற்றில் ஒன்று இருந்தாலும் ஒத்திப்போடாமல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்; அங்கே எம்.ஆர்.ஐ. தேவையா என்று முடிவு செய்வார்கள். எதுவும் இல்லையென்றால் முதலில் ரத்த அழுத்தம் பாருங்கள், ரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கண் மருத்துவரிடம் போய்ப் பவரோடு கண்ணின் உட்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தால் மூளைக்குள் அழுத்தம் கூடியிருப்பதற்கான அடையாளம் பெரும்பாலும் அங்கே தெரிந்துவிடும்.

அறிகுறி எதுவுமே இல்லாதவர்கள் ‘எதற்கும் ஒரு ஸ்கேன்’ எடுப்பதை நான் சொல்ல மாட்டேன். காசு மட்டும் காரணமல்ல. ஹாலந்தில் ரோட்டர்டாம் நகரத்தில் வயதானவர்கள் சுமார் 2,000 பேரைச் சும்மா ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கிட்டத்தட்ட நூற்றில் ஒருவருக்கு இந்த மாதிரிக் கட்டி இருந்தது; அவர்களுக்கே தெரியாது. அப்படி ஒன்று தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு வருடா வருடம் ஸ்கேன், வருடம் முழுக்கக் கவலை.

சரி, அந்தக் கட்டி என்ன? அதன் பெயர் மெனிஞ்சியோமா. மூளைக்குள் வருவதல்ல, மூளையைச் சுற்றியிருக்கும் உறையில் வருவது. பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, மெதுவாகத்தான் வளரும். அதற்காக அதைச் சாதாரணம் என்று சொல்லிவிட முடியாது. பார்வை நரம்புக்குப் பக்கத்தில் இருந்தால் பார்வை போகும், வலிப்பு வரும், மண்டை ஓட்டைத் திறந்து எடுக்க வேண்டியிருக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது என்பதும், இந்தக் கட்டிகள் பலவற்றில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன என்பதும் வெகுநாளாகத் தெரிந்தவை. நீங்கள் போடும் ஊசியில் இருப்பது மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன், அதாவது அதே ஹார்மோனின் செயற்கை வடிவம், ஒரு ஊசிக்கு 150 மில்லிகிராம். சந்தேகம் அங்கிருந்துதான் வந்தது.

அந்தச் சந்தேகத்துக்கு 2024 மார்ச்சில் ஒரு பிரெஞ்சு ஆய்வு எண்களைக் கொடுத்தது. மெனிஞ்சியோமாவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 18,061 பெண்களையும், கட்டி இல்லாத 90,305 பெண்களையும் ஒப்பிட்டார்கள். ஊசியை ஒரு வருடத்துக்கு மேல் போட்டவர்களுக்கு ஆபத்து ஐந்தரை மடங்கு என்று வந்தது. விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் வரும் எண் இதுதான். பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு எண்ணை யாரும் போடுவதில்லை. அந்த 18,061 பேரில் ஊசி போட்டிருந்தவர்கள் வெறும் 9 பேர். ஒப்பீட்டுக் குழுவில் 11 பேர். பிரான்சில் இந்த ஊசியைப் போடுபவர்களே குறைவு. அவ்வளவு சிறிய எண்ணிக்கையிலிருந்து வருவதால் உண்மையான அளவு இரண்டு மடங்கிலிருந்து பதின்மூன்று மடங்கு வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அந்த ஆய்வே சொல்கிறது.

அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தார்கள். அதில் வந்தது ஏறத்தாழ இரண்டரை மடங்கு. நான்கு வருடத்துக்கு மேல் போட்டவர்களிடமும், 31 வயதுக்குப் பிறகு போட ஆரம்பித்தவர்களிடமும்தான் அது தெளிவாகத் தெரிந்தது. மடங்குக் கணக்கு புரியவில்லை என்றால் இப்படிப் பாருங்கள்: ஏறக்குறைய 1,150 பேர் ஊசி போட்டால் அதில் ஒருவருக்குக் கூடுதலாக இந்தக் கட்டி வரலாம் என்பது அந்த ஆய்வின் கணக்கு. ஆபத்து இருக்கிறது, கட்டுக்கதை இல்லை. ஆனால் ஊசியால் உங்களுக்கு வந்திருக்கிறதா என்று கேட்டால், 1,150-ல் 1,149 பங்கு வாய்ப்பு ‘இல்லை’ பக்கம் இருக்கிறது. நீங்கள் ஆரம்பித்தது 31 வயதுக்கு முன்பு. போட்டது மூன்று வருடம் சொச்சம். அந்த வகையிலும் ஆபத்து தெளிவாகத் தெரிந்த கூட்டத்துக்கு வெளியேதான் இருக்கிறீர்கள். இதே ஊசியை இன்னும் ஒரு வருடம் தொடர்ந்தால் அந்தக் கூட்டத்துக்குள் வந்துவிடுவீர்கள்.

உங்கள் மாமியாரிடம் சொல்ல ஒரு வார்த்தை. விலக்கு நிற்பது ரத்தம் உள்ளே தேங்குவதால் அல்ல. மாதாமாதம் கருப்பையின் உட்சுவர் தடித்து வளர்ந்து, கரு தங்காதபோது உரிந்து வெளியேறுவதுதான் விலக்கு. ஊசி அந்தச் சுவரை வளரவே விடுவதில்லை. நடவே இல்லாத வயலில் அறுப்பு ஏது? ஒரு வருடம் தொடர்ந்து போட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இப்படி நின்றுவிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. ரத்தசோகை உள்ளவர்களுக்கு உண்மையில் நல்லதுகூட.

இதை ஊசி போடும் முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னார்களா? உங்கள் கடிதத்தைப் பார்த்தால் சொன்ன மாதிரி தெரியவில்லை. எனக்கு வருத்தம் அங்கேதான். மூளைக்கட்டியைவிட அதிகம் பேருக்கு வரும் விஷயங்கள் இந்த ஊசியில் இருக்கின்றன. எலும்பு அவற்றில் முக்கியமானது. ஊசி உடம்பில் ஈஸ்ட்ரோஜனைக் குறைப்பதால் எலும்பின் அடர்த்தி குறைகிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., 2004-ல் இதற்காகவே அட்டையில் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை போடவைத்தது. வேறு முறை எதுவும் ஒத்துவரவில்லை என்றால் தவிர இரண்டு வருடத்துக்கு மேல் தொடர வேண்டாம் என்பது அதன் சாரம். உலக சுகாதார நிறுவனம் அப்படி வருடக் கெடு வைக்கவில்லை. நிறுத்தினால் அடர்த்தி பெருமளவு திரும்பி வருகிறது என்பதால். எப்படியிருந்தாலும் 13 ஊசிக்குள் ஒரு முறையாவது யாராவது உங்களை உட்காரவைத்து, “இன்னும் தொடரலாமா, மாற்றலாமா?” என்று பேசியிருக்க வேண்டும். எடையும் ஏறும், முதல் வருடத்தில் சராசரியாக இரண்டரை கிலோ. நிறுத்திய பிறகு கரு தங்கக் கடைசி ஊசியிலிருந்து சராசரியாக 10 மாதம் ஆகும். உங்களுக்கு இது பொருட்டில்லாமல் இருக்கலாம். ஒரு பிள்ளையோடு இடைவெளிக்காகப் போடும் பெண்களுக்கு இது பெரிய விஷயம்.

என் யோசனை: ஊசியை நிறுத்திவிடுங்கள். உயிர் பயத்தால் அல்ல. இரண்டு பிள்ளைகள் போதும் என்ற எண்ணத்தில் இருப்பவருக்கு, பல வருடம் நீளப்போகும் தேவைக்கு, ஹார்மோன் ஊசியைவிட நல்ல வழிகள் இருக்கின்றன. அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடும் காப்பர்-டி 10 வருடம் நிற்கும், அதில் ஹார்மோனே கிடையாது. உங்களுக்கு விலக்கு நின்றுபோயிருப்பதால் சிறுநீர்ப் பரிசோதனை செய்து கரு இல்லை என்று பார்த்துவிட்டு இந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம். முதல் சில மாதம் விலக்கு கொஞ்சம் அதிகமாக இருக்கும், அதற்குத் தயாராக இருங்கள். ஹார்மோன் வைத்த கருப்பைச் சாதனமும் தனியாரிடம் உண்டு. அதே பிரெஞ்சு ஆய்வில் லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனத்தால் மெனிஞ்சியோமா கூடுவதாகத் தெரியவில்லை. மாத்திரை வேண்டும் என்றால் லக்னோ ஆய்வகத்தில் கண்டுபிடித்த ‘சாயா’ இருக்கிறது, முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. அப்புறம், உங்கள் வீட்டுக்காரருக்குக் கத்தியில்லாத ஆண் கருத்தடை. இருபது நிமிடத்தில் முடிகிற, தையல்கூட இல்லாத சிகிச்சை அது. அதைச் சொன்னதும் மனைவியைப் பின்னால் விட்டுவிட்டு டீக்கடைப் பக்கம் நழுவுகிற கணவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். உங்கள் வீட்டில் அப்படி இல்லாமல் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

தலைவலிப் பரிசோதனையில் கட்டி என்று எப்போதாவது தெரிந்தால் ஊசியை மறுபடி தொடவே கூடாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களும், ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருப்பவர்களும் போடக் கூடாத ஊசி இது.

இனி வழக்கு. சட்டப் பகுதியை வழக்கறிஞராக இருக்கும் தோழியிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நாத்தனார் அனுப்பியது அமெரிக்க வக்கீல் அலுவலகங்களின் விளம்பரம். வழக்கு உண்மையானதுதான். டெப்போ-புரோவெரா என்ற பெயரில் அந்த ஊசியை விற்கும் ஃபைசர் மருந்துக் கம்பெனி மீது பல மாநிலங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகளை 2025 பிப்ரவரியில் ஒன்றாகச் சேர்த்து, ஃபுளோரிடா மாநிலம் பென்சகோலாவில் உள்ள ஃபெடரல் நீதிமன்றத்தில் நீதிபதி கேசி ராட்ஜர்ஸ் முன் வைத்தார்கள். சேர்த்தார்கள் என்றாலும் ஒரே வழக்கு ஆகிவிடவில்லை. விசாரணைக்கு முந்தைய வேலைகள் மட்டும் பொது. ஒவ்வொரு பெண்ணின் வழக்கும் தனித்தனி. ஊசி கெட்ட ஊசி என்பதைவிட, ‘கட்டி வரும் அபாயம் தெரிந்திருந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டியும், எங்களிடம் சொல்லவில்லை’ என்பதுதான் அந்தப் பெண்களின் மையமான புகார். கம்பெனியின் பதில்: ‘எச்சரிக்கையைச் சேர்க்க நாங்களே அனுமதி கேட்டோம், ஆதாரம் போதாது என்று எஃப்.டி.ஏ. மறுத்துவிட்டது, அரசு வேண்டாம் என்றதைச் சேர்க்காததற்கு எங்களைக் கேட்க முடியாது.’ கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐரோப்பாவில் 2024-லேயே எச்சரிக்கை வந்துவிட்டது, அமெரிக்காவிலும் 2025 டிசம்பரில் எஃப்.டி.ஏ. அதை அட்டையில் சேர்க்க ஒப்புக்கொண்டது. இதே எச்சரிக்கையைச் சில வருடம் முன்பே போட்டிருக்க முடியாதா என்பதுதான் அங்கே சண்டை.

அந்தச் சண்டையில் உங்கள் நாத்தனாருக்கு இடம் உண்டா? ஊசி போட்டேன் என்பது மட்டும் போதாது. மெனிஞ்சியோமா இருப்பதாக ஸ்கேனிலோ அறுவை சிகிச்சையிலோ உறுதியாகியிருக்க வேண்டும். எந்தக் கம்பெனியின் ஊசி, எத்தனை தடவை, எந்தத் தேதிகளில் என்று கிளினிக் பதிவோ மருந்துக்கடைப் பதிவோ வேண்டும். கட்டி இல்லாதவர் ‘வரலாம் என்று பயமாக இருக்கிறது’ என்று இழப்பீடு கேட்டால் எடுபடாது. ஆறு வருடம் போட்டவர் என்பதால் அவருக்கும் தலைவலி, பார்வைக் கோளாறு ஏதாவது இருந்தால் அங்குள்ள மருத்துவரிடம் ‘நான் டெப்போ போட்டவள்’ என்று சொல்லட்டும். கட்டி உறுதியானால் அப்புறம் தாமதிக்கக் கூடாது. நியூஜெர்சியில் இப்படிப்பட்ட வழக்குக்கு இரண்டு வருடம்தான் கெடு. பொதுவாகப் பாதிப்பும் அதன் காரணமும் தெரியவந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். அமெரிக்காவில் பொதுவாக வக்கீல்கள் முன்பணம் வாங்காமல், ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்வது வழக்கம். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பங்கையும், செலவுக் கணக்கு யார் தலையில் என்பதையும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். விளம்பரத்தில் வரும் படிவத்தில் பெயர், பிறந்த தேதி, நோய் விவரம் எல்லாவற்றையும் நிரப்பி அனுப்புவது வக்கீலிடம் பேசிய பிறகு இருக்கட்டும். அந்த விளம்பரங்களில் சில, விவரம் திரட்டி விற்பவர்கள் போடுபவை.

நீங்கள் அந்த வழக்கில் சேர முடியாது. அது அமெரிக்காவில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கானது. இங்கே நமக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளால் வந்த தீங்குக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கும் தனி அத்தியாயமே இருக்கிறது. போதிய எச்சரிக்கை தராததும் அந்தப் பொறுப்பில் அடங்கும். கெடு இரண்டு வருடம். ஆனால் ஒரு சிக்கல். எல்லோருக்கும் இலவசமாகத் தரும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுடையது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட்ட ஊசி. தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துப் போட்டவருக்கு இருக்கும் வழி உங்களுக்கு அப்படியே இல்லை. பொதுவாகச் சிவில் நீதிமன்றம்தான் வழி. அதுவும் பாதிப்பு இருந்தால். இப்போது உங்களிடம் இருப்பது தலைவலியும் பயமும். அதை வைத்து எங்கும் வழக்குப் போட முடியாது, போடவும் வேண்டாம்.

ஆனால் சொல்லாமல் போட்டார்கள் என்ற குறை சும்மா விடக்கூடியதல்ல. ஒரு சிகிச்சையின் தன்மை, பலன், ஆபத்து, மாற்று வழி இவற்றைச் சொல்லித்தான் நோயாளியின் சம்மதத்தை வாங்க வேண்டும் என்று 2008-ல் சமீரா கோஹ்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலவச ஊசி என்பதற்காக மருத்துவரின் இந்தக் கடமை குறைந்துவிடாது. 1993-ல் இந்த ஊசி இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது பெண்கள் அமைப்புகள் நீதிமன்றம் வரை போனதற்கும் இதுவே காரணம்: கூட்டம் நெரியும் அரசு நிலையத்தில் யார் உட்கார்ந்து விளக்கப்போகிறார்கள் என்று கேட்டார்கள். 2017-ல் அந்தராவாக அரசுத் திட்டத்துக்குள் வந்தபோது ஆலோசனை, கார்டு, பின்தொடர்தல் எல்லாம் காகிதத்தில் சேர்க்கப்பட்டன. போடுகிற நர்ஸைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரே ஆள் தடுப்பூசி, பிரசவப் பதிவு, சர்க்கரை மாத்திரை எல்லாம் பார்க்கிறார். ஆனால் அந்தக் குறைக்கு நீங்கள் விலை கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் வட்டார மருத்துவ அலுவலருக்கு, ‘13 ஊசிக்குள் ஒரு முறைகூட எலும்பு பற்றியோ, மாற்று முறை பற்றியோ எனக்குச் சொல்லப்படவில்லை’ என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தரா கார்டை முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வையுங்கள். நம் ஊரில் அந்தக் கார்டு அரிசி டப்பாவுக்கு அடியில் நனைந்து காணாமல் போவதுதான் வழக்கம். எந்தத் தேதியில் எந்த ஊசி என்பதற்கு அதைவிட்டால் உங்களிடம் வேறு சாட்சி இல்லை. இனி எந்த மருத்துவரைப் பார்த்தாலும், அது பல் மருத்துவராகவே இருந்தாலும், இந்த ஊசி போட்டதைச் சொல்லுங்கள்.

தலைவலியோ வேறு தொந்தரவோ ஊசியால் வந்ததோ என்று உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் அதைப் பதிவு செய்ய ஒரு இடம் உண்டு. மருந்துகளின் பக்க விளைவுகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024. மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை, நோயாளியே சொல்லலாம். நிரூபிக்கவும் வேண்டாம், சந்தேகம் போதும். அரசு மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் துறையில் கேட்டாலும் படிவம் தருவார்கள், தமிழிலேயே இருக்கிறது.